விலைப்பட்டியல் சரி, டவர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் வணிகப் பக்கத்தில் எந்த சிம் லாபம் என்று ஒரு அட்டவணை போட்டிருந்தீர்கள். ஜியோ, ஏர்டெல், விஐ, பிஎஸ்என்எல் நான்கையும் வரிசையாக வைத்து எத்தனை ரூபாய், தினம் எத்தனை ஜிபி, எத்தனை நாள் என்று கட்டம் கட்டி வந்திருந்தது. அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு, இதில் எதுக்கு மாறலாம் என்று கேட்டு என் கடைக்கே ஆட்கள் வந்துவிட்டார்கள். போடிநாயக்கனூரில் ரீசார்ஜ், சிம், போன் கவர், டெம்பர் கிளாஸ் விற்கிற கடை என்னுடையது. நான்கு கம்பெனி சிம்மும் வைத்திருக்கிறேன், கமிஷன் எல்லாவற்றிலும் வருகிறது, அதனால் யாருக்கும் பரிந்து பேச வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. உங்கள் எண்களில் தப்பில்லை. ஆனால் சிம் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அவர் வீட்டுக்குள்ளும் வேலை செய்கிற இடத்திலும் டவர் எடுக்கிறதா என்பதுதான், அதற்கு அந்தக் கட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

விலையில் ஒப்பிட இப்போது பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. 2024 ஜூலை 3ஆம் தேதி ஜியோவும் ஏர்டெல்லும் ஒரே நாளில் கட்டணத்தை ஏற்றின, விஐ மறுநாள் ஏற்றியது. ஜியோவில் தினம் 1.5 ஜிபி, 28 நாள் பேக் 239 ரூபாயிலிருந்து 299 ஆனது. ஏர்டெல்லில் அதே 1.5 ஜிபி 299லிருந்து 349க்குப் போனது. 2025 ஆகஸ்டில் தினம் 1 ஜிபி தந்துகொண்டிருந்த 249 ரூபாய் பேக்கை ஜியோ தன் ஆப்பிலிருந்தும் இணையதளத்திலிருந்தும் எடுத்தது, சில நாளிலேயே ஏர்டெல்லும் தன் 249 ரூபாய் பேக்கை எடுத்துவிட்டது. ஒரு காலத்தில் ஏர்செல், டோகோமோ, ரிலையன்ஸ், வோடபோன், ஐடியா என்று கடை வாசலில் போர்டு மாட்ட இடம் போதாது. 2018 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்க ஏர்செல் சிக்னல் போய் ஜனங்கள் அதே நம்பரோடு வேறு கம்பெனிக்குப் போர்ட் பண்ண அலைந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதே ஆண்டு ஆகஸ்டில் வோடபோனும் ஐடியாவும் ஒன்றாகிவிட்டன, அதுதான் இன்றைய விஐ. இன்று தனியாரில் மூன்று பேர்தான், அதிலும் ஒருவர் கடனில் முழி பிதுங்கி நிற்கிறார். கட்டணம் எவ்வளவு என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நிர்ணயிப்பதில்லை, அது கம்பெனிகளின் இஷ்டம். இந்த நிலைமையில் பத்து ரூபாய் இருபது ரூபாய் வித்தியாசத்தைத் தேடிப் பிடித்து என்ன செய்யப்போகிறோம்?

அப்புறம் இந்த அன்லிமிடெட் பேக். பேசுவதற்கு அளவில்லை என்பது உண்மைதான். டேட்டாவை ரேஷன் கடை மாதிரி அன்றன்றைக்கு அளந்துதான் போடுகிறார்கள், மிச்சம் வைத்தால் ராத்திரி 12 மணியோடு போய்விடும். வாரத்தில் மீந்த டேட்டாவை சனி ஞாயிறில் பயன்படுத்திக்கொள்ள விஐ சில பேக்குகளில் விடுகிறது, மற்ற பிரீபெய்டு பேக்குகளில் பெரும்பாலும் அதுவும் கிடையாது. அளவு தீர்ந்துவிட்டால் நெட் நிற்காது, 64 கேபிபிஎஸ் வேகத்துக்கு இறங்கிவிடும், பிஎஸ்என்எல் என்றால் 40. அந்த வேகத்தில் வாட்ஸ்அப் எழுத்துச் செய்தி போகும், போட்டோ சுற்றிக்கொண்டே இருக்கும், யுபிஐயில் பணம் போச்சா இல்லையா என்று இரண்டு பேரும் போனையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அளவில்லாத 5ஜி என்று விளம்பரம் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கும் நான் ஒன்று சொல்லி அனுப்புகிறேன். 2024 ஜூலையில் ஜியோவும் ஏர்டெல்லும் தினம் 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள பேக்குகளுக்குத்தான் என்று அந்தச் சலுகையைக் குறைத்தன, ஜியோவில் அது 349 ரூபாயில் ஆரம்பித்தது. வாசலில் நிற்கும்போது 5ஜி காட்டும், உள்ளே போய் உட்கார்ந்தால் 4ஜிக்கு இறங்கும், இறங்கிய நிமிஷத்திலிருந்து உங்கள் 2 ஜிபி கரைய ஆரம்பிக்கும். கரைவது உங்களுக்குத் தெரியாது, தீர்ந்த பிறகு மெசேஜ் வரும்.

28 நாள் கணக்கைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள், ஆனாலும் சொல்கிறேன். வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம், ரீசார்ஜ் பதிமூன்று. 299 ரூபாய் பேக் போடுகிறவர் 3588க்குப் பதில் 3887 கட்டுகிறார். 30 நாள் பேக் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கிற பேக் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று 2022லேயே டிராய் சொல்லிவிட்டது. பேக் இருக்கத்தான் செய்கிறது, கேட்டு வாங்குகிறவர்தான் இல்லை.

இனி டவர் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரிலிருந்தும் தேவாரம், கம்பம் பக்கமிருந்தும் விடிகாலையில் ஜீப் ஜீப்பாக ஆட்கள் மலையேறி இடுக்கி மாவட்டத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள், பாதிக்கு மேல் பெண்கள். அவர்களுக்கு தினம் 2 ஜிபி எதற்கு? மத்தியானம் பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால் எடுக்க முடியணும், சாயங்காலம் ஜீப் லேட் என்றால் வீட்டுக்குச் சொல்ல முடியணும், அவ்வளவுதான். போடிமெட்டுக்கு ஏறுகிற ரோட்டில் 17 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. ஒரு வளைவில் முழு சிக்னல், அடுத்த வளைவில் ஒரு கோடும் இல்லை, அதற்கடுத்ததில் வேறு கம்பெனி எடுக்கிறது. மேலே ஏறிவிட்டால் கேரளா டவர், அங்கே எந்தக் கம்பெனி எங்கே டவர் வைத்திருக்கிறது என்பது தனிக் கணக்கு. ரோட்டோரத்தில் நன்றாகப் பேச முடிகிற சிம் தோட்டத்துக்குள் கொஞ்ச தூரம் இறங்கினதும் செத்துவிடும். ஏலக்காய் வியாபாரிகள் நிலைமை வேறு. ஸ்பைசஸ் போர்டு நடத்துகிற ஏலக்காய் ஏலம் எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில்தான், விலை நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுகிறது, கீழே இருக்கிற வியாபாரி மேலே தோட்டக்காரருக்குப் போன் போட்டு லைன் கிடைக்காமல் தவிப்பதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இவர்கள் இரண்டு பேருக்கும் ஒரே அட்டவணையைக் கையில் கொடுத்து எது லாபம் என்று எப்படிச் சொல்வது?

மலையை விடுங்கள், ஊருக்குள்ளேயே தெருவுக்குத் தெரு மாறுகிறது. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் மாதிரி தாழ்ந்த அலைவரிசை தூரம் போகும், சுவரையும் ஓரளவு துளைக்கும். 5ஜிக்கு அதிகம் பயன்படுத்துகிற 3300 மெகாஹெர்ட்ஸ் வேகம் தரும், ஆனால் கான்கிரீட் வீட்டுக்குள் நுழையத் திணறும். 2022 அலைக்கற்றை ஏலத்தில் ஜியோ 700 அலைவரிசையும் வாங்கியது, ஏர்டெல் அதை வாங்கவில்லை, தன் 4ஜி நெட்வொர்க்கின் மேலேயே 5ஜியை ஏற்றியது. இதை வைத்து இவர் மேல், அவர் கீழ் என்று முடிவு கட்டவும் முடியாது, ஏனென்றால் அந்த டவருக்கு ஃபைபர் கேபிள் வருகிறதா, மைக்ரோவேவ் டிஷ் வழியாகத்தான் ஓடுகிறதா, கரண்ட் போனால் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், எத்தனை பேர் அதைப் பங்கு போடுகிறார்கள், எல்லாம் சேர்ந்துதான் உங்கள் போனில் தெரிகிறது. ராத்திரி எட்டு மணிக்கு முழு சிக்னல் காட்டிக்கொண்டே நெட் நகராமல் இருப்பதற்கு பெரும்பாலும் இந்தப் பங்குதான் காரணம், ஐபிஎல் நடக்கிற நாளில் கேட்கவே வேண்டாம்.

இதையெல்லாம் அளக்க ஆள் இல்லாமல் இல்லை. டிராயின் புதிய சேவைத் தர விதிகள் 2024 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கின்றன. 2ஜி, 4ஜி, 5ஜி எங்கெங்கே கிடைக்கும் என்று ஒவ்வொரு கம்பெனியும் வரைபடம் வெளியிட வேண்டும் என்பது அதில் ஒரு நல்ல விஷயம். வெளியிட்டும் இருக்கிறார்கள், ஆனால் அது கம்பெனி தானே பூசிக்கொண்ட வர்ணம், வீட்டுக்குள் எடுக்குமா என்பது அதில் தெரியாது. இன்னொரு விதியும் இருக்கிறது: ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் நெட்வொர்க் இல்லாமல் போனால் போஸ்ட்பெய்டுக்கு வாடகையில் கழிக்க வேண்டும், பிரீபெய்டுக்கு வேலிடிட்டியை நீட்டித் தர வேண்டும், இயற்கைப் பேரிடர் என்றால் விலக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாவட்டம் முழுக்க எப்போது ஐயா டவர் விழும்? விழுவது ஒரு வார்டில், ஒரு கிராமத்தில். எங்கள் பகுதியிலேயே ஒரு கம்பெனியின் டவர் (பெயர் வேண்டாம், நாளைக்கு அவர்கள் ஆளும் கடைக்கு வர வேண்டுமே) பேட்டரி திருட்டு என்று சொல்லி நாள் கணக்கில் படுத்துக் கிடந்தது. 198க்குப் போன் போட்டு புகார் எண் வாங்கினேன், டவர் வருவதற்கு முன்னாலேயே உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று மெசேஜ் வந்துவிட்டது. எனக்கு அந்த மாதம் வேலிடிட்டி ஒரு நாளும் கூடவில்லை. மாவட்டக் கணக்கில் அது ஒரு புள்ளிகூட இல்லை.

பேரிடர் விலக்கும் சரியாகத் தெரியவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையிலும், இரண்டு வாரம் கழித்து பெருமழையில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் போன் வேலை செய்யாமல் சொந்தக்காரர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் தவித்தவர்கள் எத்தனை பேர். எந்த நெட்வொர்க் தாங்கியது, எது முதலில் போனது என்பதை யாராவது டவர் வாரியாக வெளியிட்டிருந்தால் அதுதான் உண்மையான ஒப்பீடு.

பிஎஸ்என்எல் பற்றிக் கேட்காத வாடிக்கையாளர் இல்லை. 2024ல் மற்றவர்கள் ஏற்றியபோது அது ஏற்றவில்லை, சில மாதம் கூட்டம் கூட்டமாக அங்கே போனார்கள், பிறகு நெட் சரியில்லை என்று பல பேர் திரும்பியும் வந்தார்கள். உள்நாட்டிலேயே செய்த 4ஜி கருவிகளோடு 2025 செப்டம்பர் 27ஆம் தேதிதான் அதன் 4ஜி சேவை நாடு முழுக்கத் தொடங்கிவைக்கப்பட்டது. நெட்வொர்க்கே இல்லாத மலைக்கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோகும் அரசுத் திட்டமும் பெரும்பாலும் அதன் கையில்தான். நகரத்தில் வீடியோ பார்க்கிறவருக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன், மலையில் வேலை செய்கிறவருக்கு முதலில் அதைப் போட்டுப் பார்க்கத்தான் சொல்வேன்.

பட்டன் போன் வைத்திருக்கிற பெரியவர்கள் கதை இன்னும் மோசம். 2018 கடைசியில் இன்கமிங் வர மாதம் 35 ரூபாய் கட்ட வேண்டும் என்று ஆரம்பித்தார்கள், 2024 ஜூலையில் ஏர்டெல்லில் 28 நாளுக்கு 199 ரூபாயில் வந்து நின்றது, பயன்படுத்தாத டேட்டாவுக்கும் சேர்த்து. 2024 டிசம்பரில் டிராய் உத்தரவு போட்ட பிறகுதான் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் வந்தது. 2025 ஜனவரியில் ஜியோ 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1748 என்றும், ஏர்டெல் 84 நாளுக்கு 469, 365 நாளுக்கு 1849 என்றும் வைத்தன. பார்த்தால் 1748 மலிவு மாதிரி இருக்கும், நாளுக்கு வகுத்தால் 5 ரூபாய் 20 காசு வருகிறது, 1849 பேக்கில் 5 ரூபாய் 7 காசுதான். இந்தப் பேக்குகளைக் கம்பெனி ஆப்பில் தேடித்தான் பிடிக்க வேண்டும், உங்கள் அட்டவணையிலும் இல்லை.

போர்ட் பண்ண நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1900க்கு மெசேஜ் போட்டால் குறியீடு வரும், மூன்று வேலை நாளில் மாறிவிடலாம், ஆனால் மாறினால் 90 நாளுக்கு அங்கேயே இருக்க வேண்டும், பழைய பேக்கில் மிச்சமிருக்கிற நாளும் போய்விடும். அதனால் முதலில் பக்கத்து வீட்டுக்காரர் போனை வாங்கி உங்கள் சமையலறையில் நின்று, அதுவும் ராத்திரி எட்டு மணிக்கு, பேசிப் பாருங்கள். டிராயின் மைஸ்பீடு ஆப்பில் வேகத்தையும் பாருங்கள். கம்பெனி சரியான பதில் தராவிட்டால் மேல்முறையீடு இருக்கிறது, அதற்கும் மேல் நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

டிராய் செய்ய வேண்டியது ஒன்றுதான். டவர் வாரியாக, எத்தனை மணி நேரம் வேலை செய்யவில்லை, மாலை நேரத்தில் என்ன வேகம் என்பதை மாதாமாதம் வெளியிட வைக்கட்டும், நஷ்டஈட்டையும் மாவட்டத்திலிருந்து டவருக்கு இறக்கட்டும். உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை அட்டவணை போடும்போது பேச்சு மட்டும் உள்ள பேக்குகளையும் 30 நாள் பேக்குகளையும் சேருங்கள், மாவட்டப் பதிப்பில் அந்தந்தத் தாலுகாவில் எது எங்கே எடுக்கிறது என்று வாசகர்களிடமே கேட்டுப் போடுங்கள். உங்கள் தேனி நிருபர் இந்தப் பக்கம் வந்தால் எனக்குத் தெரிந்ததை எழுதித் தருகிறேன், ஆனால் போடிமெட்டு ரோட்டில் எந்த வளைவில் எந்த சிம் எடுக்கும் என்பதை ஜீப் டிரைவர்கள் என்னைவிடத் துல்லியமாகச் சொல்வார்கள், காலை ஐந்து மணிக்குள் வந்தால் பிடிக்கலாம்.

இப்படிக்கு,
ரீசார்ஜ் கடைக்காரர் ஒருவர்,
போடிநாயக்கனூர்