திருவண்ணாமலைக்குப் போகிற மச்சானுக்கு

ரங்கூன்,
வாசோ மாதப் பௌர்ணமி கழிந்த வாரம், 2025

அன்புள்ள மச்சான்,

உன் மெயில் வந்து பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. இங்கே கரண்ட் இருக்கிறபோது நெட் இல்லை, நெட் இருக்கிறபோது கடையை விட்டு நகர முடிவதில்லை. மற்றபடி சௌக்கியம். மழை பிடித்துக்கொண்டது, கூரையில் போன வருஷம் ஒழுகிய அதே இடத்தில்தான் இந்த வருஷமும் ஒழுகுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கிரிவலப் பாதைக்குப் பக்கத்தில் மாடியில் ரூம் பார்த்து அட்வான்ஸும் கொடுத்துவிட்டாயாம், இனி மிச்ச நாளெல்லாம் ஜபமும் மலையைப் பார்த்து உட்காருவதும்தானாம். அதெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் போகிற போக்கில் ஒரு கேள்வி: "இது சுயநலமாடா?" இதைக் கேட்க என்னைவிட மோசமான ஆள் உனக்குக் கிடைத்திருக்க மாட்டான். என் தங்கச்சியை அதே வார்த்தையால் முப்பத்திரண்டு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தவன் நான்.

அவளை உனக்கு நினைவிருக்கும். 1965-ல் நீங்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியபோது அவளுக்கு நாலு வயசு, துறைமுகம் வரைக்கும் உன் தோளில் உட்கார்ந்து வந்தவள். 1993-ல் ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம். மாந்தலே பக்கத்துச் சகாயிங் மலையில் ஒரு தீலஷின் (பெண் துறவி) மடத்தில் சேர்ந்து, தலையை மழித்து, ரோஸ் துணி கட்டிக்கொண்டாள் என்பது பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதற்கு முந்தின வருஷம்தான் அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையாகியிருந்தாள். புரட்டிப் போடுவது, துடைப்பது, முதுகுப் புண்ணுக்கு வாழையிலை விரிப்பது எல்லாம் நானும் என் வீட்டுக்காரியும்தான், நான்கு வருஷம். 1997-ல் அம்மா போனதும் தந்தி கொடுத்தேன். தங்கச்சி மூன்றாம் நாள் பால் தெளிக்கிறபோது வந்து அன்றைக்கே திரும்பிவிட்டாள். பட்டினத்தாரே தாய்க்குக் கொள்ளி வைக்க வந்து சேர்ந்தார், இவளுக்கு வரத் தெரியவில்லை என்று ஊர் முழுக்கச் சொன்னேன். ரயில் தாமதம் என்று அவள் சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை.

வள்ளுவர் குசும்புக்காரர், துறந்தவர்களுக்குச் சோறு போடுவதற்காகத்தான் மற்றவர்கள் தவத்தை மறந்துபோனார்களோ என்று கேட்கிறார். இதை ஒருநாள் என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். "மறக்கல, நேரம் கிடைக்கல" என்றாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நீ சின்ன வயசிலேயே போய்விட்டாய், இந்த ஊர்த் துறவு கதவைச் சாத்திக்கொள்கிற துறவு இல்லை. பொங்கிகள் (பிக்குகள்) தாங்களே சமைத்துச் சாப்பிடக் கூடாது, நேற்று வாங்கிய சோற்றை இன்றைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது, நண்பகலுக்கு மேல் சாப்பாடே கிடையாது. அதாவது எவ்வளவு பெரிய தியானியானாலும் விடிந்ததும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு யாரோ ஒருவர் வீட்டு வாசலுக்கு வர வேண்டும், இல்லையென்றால் யாராவது மடத்துக்குக் கொண்டுவந்து போட வேண்டும். தீலஷின்களுக்குச் சமைத்துக்கொள்ள அனுமதி உண்டு, அதனால் பச்சை அரிசியாக வாங்குவார்கள். என் கடைக்கு எட்டு, பத்து வயசுப் பெண் குழந்தைகள் வரிசையாக வந்து நிற்கும், டப்பாப்பால் டின்னால் அளந்து போடுவேன். தங்கச்சி மேல் இருந்த கோபத்தில் சில நாள் டின்னைத் தலைதட்டிப் போட்டிருக்கிறேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இப்போது வாசோ பௌர்ணமியிலிருந்து அக்டோபர் வாக்கில் வருகிற தடிஞ்ஜுட் பௌர்ணமி வரை மூன்று மாதம் பொங்கிகள் ஊர் விட்டு ஊர் போகாமல் ஒரே இடத்தில் இருப்பார்களே, அந்த விதி வந்த கதை தெரியுமா? மழைக்காலத்தில் பிக்குகள் நடந்து நடந்து இளம்பயிரையும் பூச்சி புழுவையும் மிதிக்கிறார்கள் என்று ஜனங்கள் குறை சொன்னது புத்தர் காதுக்குப் போனதால் வந்தது. ஒதுங்கி உட்காருவது என்பதே அடுத்தவன் சொன்ன குறையைக் கேட்டு ஏற்பட்ட ஏற்பாடு! 2008 மே மாதம் நர்கீஸ் புயலில் என் கூரை போனபோது எங்களுக்கு இடம் கொடுத்ததும் தெரு முனை மடம்தான். அங்கே கண்ணை மூடி உட்கார்ந்திருந்த பொங்கிகள் அரிவாளை எடுத்துக்கொண்டு வந்து ரோட்டில் விழுந்த மரங்களை வெட்டியதை என் கண்ணால் பார்த்தேன். இவ்வளவு பார்த்த பிறகும் தங்கச்சி கணக்கு மட்டும் எனக்குத் தீரவில்லை.

இந்த வருஷம் மார்ச் 28, வெள்ளிக்கிழமை மத்தியானம் பூகம்பம், 7.7 அளவு. சகாயிங் பக்கம்தான் மையம். நாலு நாள் போன் இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்தும் நின்றும் மாந்தலே போய்ச் சேர்ந்தேன். 1934-ல் கட்டிய பழைய ஆவா பாலம் ஐராவதிக்குள் கிடந்தது, பக்கத்துப் புதுப் பாலத்தின் வழியாகத்தான் அக்கரை போனேன். மடத்தின் படிப்பறை சரிந்துவிட்டது. தங்கச்சி முற்றத்தில் ஒரு நீலத் தார்ப்பாய்க்குக் கீழே, செங்கல்லை அடுக்கிய அடுப்பில் பெரிய சட்டி வைத்துக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். தெருவில் இருந்த ஜனமெல்லாம் அங்கேதான். என்னைப் பார்த்ததும் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "கரண்டியைப் பிடிங்கண்ணே" என்றாள். அவள் தமிழ் பாதி துருப்பிடித்துப்போய், நடுநடுவே பர்மியம் கலந்து வந்தது.

அன்றைக்கு ராத்திரி யாரும் கட்டிடத்துக்குள் படுக்கவில்லை. வெளியே பாயைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தபோது, கேட்கக் கூடாத நேரத்தில் நான் கேட்டே விட்டேன்: அம்மா படுக்கையில் கிடந்தபோது உனக்கு எப்படி மனசு வந்தது?

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அம்மாகிட்ட சொல்லிட்டுத்தாண்ணே வந்தேன்" என்றாள். "மூணு நாள் அழுதாங்க, அப்புறம் போன்னு சொன்னாங்க. உங்ககிட்ட சொல்ல வேணாம், விட மாட்டீங்கன்னு சொன்னதும் அவங்கதான்."

மச்சான், அம்மாவைத் துடைத்த நான்கு வருஷமும் தங்கச்சியைத் திட்டிக்கொண்டேதான் துடைத்தேன். அப்போதெல்லாம் அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். என் கை முரட்டுக் கை, வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

தங்கச்சியே மேலே சொன்னாள். புத்தரே ராத்திரியில் சொல்லிக்கொள்ளாமல் போனவர்தான். ஆனால் பின்னால் பிள்ளை ராகுலனையும் காவி கட்டவைத்துச் சங்கத்தில் சேர்த்தபோது, அவருடைய அப்பா சுத்தோதனர் வந்து நின்றாராம். பிள்ளைப் பாசம் தோலை அறுத்து, சதையை அறுத்து, எலும்புக்குள் மஜ்ஜை வரைக்கும் போகிறது, இனிமேல் தாய் தகப்பன் சம்மதம் இல்லாமல் யாரையும் சேர்க்காதே என்று கேட்டாராம். அன்றைக்கு வந்த விதி இன்றைக்கும் இருக்கிறது. "நான் அம்மாகிட்ட கேட்டுட்டேன், விதிப்படி சரிதான். ஆனா அம்மாவைத் தூக்கிச் சுமக்கப் போறது நீங்களும் அண்ணியும். உங்க ரெண்டு பேர்கிட்டதான் கேட்டிருக்கணும். போனது தப்பில்லண்ணே, கேக்காம போனது தப்பு" என்றாள். அவளை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை. திட்டுவது மட்டும் நின்றிருக்கிறது.

ஜபத்தால் உலகத்துக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. நான் கடைக்காரன், தராசில் நிற்காத சரக்கைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் கிடையாது. உன்னிடம் நான் கேட்பது வேறு. குருவிடம் சொன்னேன் என்கிறாய், அமெரிக்காவில் இருக்கிற மகனிடம் சொன்னேன் என்கிறாய், எனக்கும் எழுதிவிட்டாய். உன் வீட்டுக்காரியும் எனக்கு ஒரு தங்கச்சி மாதிரிதான், முழுக் கடிதத்திலும் அவள் என்ன சொன்னாள் என்று ஒரு வரி இல்லையே? மூட்டு ஆபரேஷன் ஆன காலோடு அவள் அந்த மாடி ஏறுவாளா, இல்லை சென்னையில் தனியாக இருப்பாளா? தண்ணீர் கேனை யார் தூக்குவது, ராத்திரி நெஞ்சு வலித்தால் யார் கூட்டிப்போவது? உன் ஜபத்தின் சுமை அவள் தலையில்தான் இறங்கப்போகிறது, அதனால் அவள்தான் சொல்ல வேண்டும். அவள் மனசாரப் போகச் சொன்னால் போ, எவன் சுயநலம் என்றாலும் கண்டுகொள்ளாதே. வேண்டாம் என்றால், இங்கே ஊ பா கின் என்று ஒருவர் இருந்தார். சுதந்திரம் வந்த 1948-ல் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆனவர், ஆபீஸிலேயே தியானத்துக்கு ஒரு அறை ஒதுக்கி ஃபைலும் பார்த்துத் தியானமும் சொல்லிக் கொடுத்தார். உனக்கு மூன்றாவது பெட்ரூம் காலியாகத்தானே கிடக்கிறது?

இன்னொரு சேதி. தடிஞ்ஜுட் கழிந்து தங்கச்சி ரங்கூனுக்கு வருகிறாள், கண்புரை ஆபரேஷன். எங்கள் வீட்டில்தான் தங்கப்போகிறாள், இத்தனை வருஷத்தில் முதல் தடவை. மத்தியானத்துக்கு மேல் சாப்பிட மாட்டாள், அதனால் காலையில் என்ன செய்து கொடுப்பது என்று என் வீட்டுக்காரி இப்போதே ஆரம்பித்துவிட்டாள். இட்லி ருசி மறந்திருப்பாளோ என்று கவலை வேறு. உன் வீட்டில் இட்லிப் பொடிக்கு என்னென்ன சேர்த்து இடிக்கிறார்கள் என்று கேட்டு எழுது. கேட்கிற சாக்கில் மற்றதையும் பேசிவிடு.

உன்,
மச்சான்