அந்த ஒரு போன் அழைப்புக்கும், அதன் பிறகு வந்த எல்லோருக்கும்

அன்புள்ள உறவுகளே,

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்கும் பேச்சிப்பாறைக்கும் இடையில், மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் சின்ன ஊரின் சார்பில் இதை எழுதுகிறேன். அம்மன் கோயில் கொடை விழாக் குழுவில் கணக்கு எழுதுவது என் வேலை. சித்திரைக் கொடையின் இரண்டாம் நாள் சாயங்காலம் அடித்த சூறைக்காற்றில் ஊரில் பாதி வீடுகளின் ஓடு பறந்துவிட்டது. ரப்பர் ஒடிந்தது, வாழை போனது, ரோடு தெரியாத அளவுக்கு மரம் விழுந்தது. ஆனால் ஒரு உயிர்கூடப் போகவில்லை. உதவியவர்களில் முடிந்தவர்களை நேரில் பார்த்து நன்றி சொன்னோம். இருந்தாலும் யார் யார் என்ன செய்தார்கள் என்பது எழுத்திலும் இருக்க வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் பெரியவர்கள் சொன்னார்கள். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் பெயர் இல்லாமலே எழுதுகிறேன். படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

காற்று அடித்த பிறகு வந்து உதவியவர்கள் நிறையப் பேர். காற்று அடிப்பதற்கு முன்னால் உதவியவர்கள் மூன்றே பேர். அவர்களைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் பிறந்து, பேச்சிப்பாறைக்கு மேலே அரசு ரப்பர் கழகத் தோட்டத்தில் பால்வெட்டும் தங்கச்சிக்கு முதல் நன்றி. கொடைக்கு வர அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. சாயங்காலம் குடியிருப்பில் இருந்தவள், எதிரே மலைச்சரிவில் மரங்கள் வரிசையாக ஒடிவதைப் பார்த்திருக்கிறாள். உடனே அம்மாவுக்குப் போன் போட்டாள். "அம்மா, இஞ்ச மரமெல்லாம் ஒடியுது. காத்து அங்கோட்டுதான் வருது. எல்லாரையும் கெட்டிடத்துக்குள்ள ஏறச் சொல்லு" என்று சொன்னதோடு லைன் கட்டாகிவிட்டது. தன் வீட்டுக் கூரை ஆடிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் நம்மை நினைத்திருக்கிறாள்.

அந்த அம்மா பொங்கல் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு மைக்செட் போட்டிருந்த அண்ணனிடம் ஓடினார். எங்கள் தலைக்கு மேலே அப்போது இலேசான மூட்டம்தான். புழுக்கம் இருந்தது, காற்றே இல்லை. பந்தலுக்குள் முந்நூறு பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். அன்னதானப் பந்தி போடப் பாய் விரித்தாகிவிட்டது. வெளியூரிலிருந்து கூலிக்கு வந்த ஒருவர், ஒரு வயதான அம்மாவின் பேச்சைக் கேட்டுச் சாமி பாட்டை நிறுத்துவதற்குத் துணிச்சல் வேண்டும். அவர் யாரிடமும் கேட்கவில்லை. பாட்டை நிறுத்திவிட்டு, "பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் போங்கள், செருப்பு தேட வேண்டாம், மரத்தடியில் நிற்க வேண்டாம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசி ஆள் நகரும் வரை மைக்கை விடவில்லை. அப்புறம்தான் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு ஓடினார். சீரியல் லைட்டு வயர் முழுவதும் உயிரோடு இருக்கும்போது மரம் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. அவருடைய ஆம்ப்ளிபயரும் நான்கு பாக்ஸும் நசுங்கிப் போயின. அதற்கான பணத்தைக் கொடுக்கப் போனபோது பாதிதான் வாங்கிக்கொண்டார்.

மூன்றாவது, பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் அக்கா. விடுமுறை நாள், கேட் பூட்டியிருந்தது. சாவி அவர் இடுப்பில் இருந்தது. கூட்டம் வருவதற்குள் கேட்டையும் இரண்டு கான்கிரீட் வகுப்பறைகளையும் திறந்து வைத்துவிட்டு, ஓட்டுக் கட்டடத்துப் பக்கம் ஒருவரையும் விடாமல் வராந்தாவில் நின்று மறித்தார். பிறகு அந்த ஓட்டுக் கட்டடத்தின் ஒரு பக்கம் இறங்கிவிட்டது.

காற்று அடித்தது கொஞ்ச நேரம்தான். கோயிலுக்கு வடக்கே நின்ற பெரிய அயினி மரம் வேரோடு சாய்ந்து பந்தலின் குறுக்கே விழுந்தது. பந்திப் பாயின் மேல் அதன் கவட்டை கிடந்ததை எல்லோரும் பார்த்தோம். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

மறுநாள் பார்த்தால் விளையில், அதாவது தோட்டத்தில், கிடந்த மரங்கள் பெரும்பாலும் ஒரே பக்கமாக, தென்மேற்கு நோக்கிச் சாய்ந்து கிடந்தன. வெயில் காலத்தில் கடல் காற்று மலையில் மோதி மேலே ஏறி இடிமேகமாகிறது. மழையால் குளிர்ந்த காற்று அந்த மேகத்திலிருந்து கீழே விழுந்து தரையில் அடித்துப் பரவும்போது மரங்கள் இப்படி ஒரே பக்கமாகச் சாயும். மாவட்டத்துக்கு என்று மூன்று மணி நேர முன்னறிவிப்பு வானிலைத் துறையிலிருந்து வருகிறது. ஆனால் எந்தச் சரிவில், எந்த ஊரில் இறங்கும் என்பதை மேலே இருக்கும் மனிதர்தான் கீழே இருப்பவருக்குச் சொல்ல முடியும். அதனால் மலைப்பக்க ஊர்களிலும் தோட்டக் குடியிருப்புகளிலும் உள்ளவர்களின் போன் எண்களை வாங்கி ஒரு குழு தொடங்கியிருக்கிறோம். எங்களுக்குக் கீழே இருக்கும் ஊர்க்காரர்களும் தயவுசெய்து சேருங்கள். நாங்கள் உங்களுக்குச் சொல்ல வேண்டியவர்கள்.

மின்வாரியத்தாருக்கு வருகிறேன். 11 கேவி உயர் அழுத்த மின்கம்பி அறுந்து, தண்ணீர் ஓடும் ரோட்டில் கிடந்தது. எங்கள் பையன் ஒருவன் போன் செய்ததும், அன்று துணை மின்நிலையத்தில் பணியில் இருந்தவர் ஒரு கேள்வியும் கேட்காமல் அந்த பீடரை, அதாவது அந்த மின்பாதையை, நிறுத்தினார். நிறுத்திவிட்டேன் என்று திரும்பக் கூப்பிட்டும் சொன்னார். அதன் பிறகுதான் அடிபட்டவர்களை அந்த வழியாகத் தூக்கிப்போக முடிந்தது. கம்பம் நட வந்த தொழிலாளர்கள் லாரி போகாத விளைக்குள் போஸ்டைத் தோளில் சுமந்து போனார்கள். மூன்றாம் நாள் ராத்திரி கரண்ட் வரும் வரை அவர்கள் சரியாகத் தூங்கவில்லை.

அடிபட்டவர்கள் ஏழு பேர். தகரம் விழுந்து கால் முறிந்த தாத்தாவையும், ஓடு பட்டுத் தலை உடைந்த சிறுமியையும் 108 வண்டி நின்ற இடம் வரை பெஞ்சில் வைத்துச் சுமந்த பிள்ளைகளுக்கு நன்றி. வழியில் கிடந்த ஒவ்வொரு மரத்தின் மேலும் ஏறி இறங்க வேண்டியிருந்தது. ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியில் அந்த இரவு பணியில் இருந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் இரண்டு குடும்பங்களும் வணக்கம் சொல்லச் சொன்னார்கள். சிறுமிக்குத் தையல் பிரித்தாயிற்று. தாத்தா வீட்டில்தான் இருக்கிறார், மாவுக்கட்டோடு சாயாக் கடைக்குப் போக வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்.

ராத்திரியே வந்த தீயணைப்பு வீரர்கள், மோட்டார் வாளோடு வந்த கிறிஸ்தவ சபை வாலிபர்கள், மறுநாள் காலை சம்பா அரிசிக் கஞ்சியும் பயறும் தேங்காய்த் துவையலும் அண்டா அண்டாவாகக் கொண்டுவந்த ஜமாத்தார் எல்லோருக்கும் எங்கள் நன்றி. மழை விடாத அந்தக் காலையில் வேறு எதுவும் எங்கள் அடுப்பில் ஏறியிருக்காது.

ஒரு நன்றியைக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊருக்குத் தினமும் மீன் கொண்டுவரும் அக்கா கடற்கரை ஊரான தூத்தூர்ப் பக்கத்துக்காரர். மறுநாள் ரோட்டில் வண்டி போகாததால் கூடையைத் தலையில் வைத்து நடந்தே வந்து, ஊர் கிடந்த நிலையைப் பார்த்துவிட்டு, மீனை வீடு வீடாகக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அடுத்த நாள் விடியும்போது ஒரு டெம்போ நிறைய அவர் ஊர் ஆட்கள் வந்து இறங்கினார்கள். படகில் கட்டும் தடித்த வடம், தார்பாய், கப்பி எல்லாம் கொண்டுவந்தார்கள். மெஷின் வைத்து அறுக்க முடியாமல் வீட்டின் மேல் சாய்ந்து நின்ற மரங்களை வடம் போட்டு, ஒரே குரலில் இழுத்து, சுவர் இடியாமல் இறக்கினார்கள். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் மீன்பிடித் தடைக்காலம். அதற்கு முந்தைய ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு வருமானம். அதை விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்தபோது எங்கள் பக்கம் ரப்பரும் தேக்கும் போயின, நாள்கணக்கில் இருட்டில் கிடந்தோம். ஆனால் சின்னத்துறை, வள்ளவிளை, தூத்தூர் ஊர்களில் போனது மனிதர்கள். கடலுக்குப் போன பிள்ளைகளுக்காகக் கரையில் காத்திருந்த அந்த ஊர்களிலிருந்துதான், எங்கள் ஓடு பறந்ததற்காக ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் ஒக்கியில் அண்ணனை இழந்தவர் என்று பிறகு தெரிந்தது. அவர் சொல்லவே இல்லை. அவருடைய கைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று எங்கள் ஊர் அம்மாமார் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

வாழையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஏத்தன் வாழை குலை தள்ளி, இன்னும் இரண்டு மாதத்தில் வெட்ட வேண்டிய நிலையில் எல்லாம் விழுந்தது. முட்டு கொடுத்த கம்பும் சேர்ந்தே ஒடிந்தது. முற்றாத காய் சந்தையில் விலை போகாது. மார்த்தாண்டத்தில் சிப்ஸ் போடும் வியாபாரி ஒருவர் தன் வண்டியிலேயே வந்து, பொரிக்கத் தேறும் காயை எல்லாம் விலை அடிக்காமல் எடுத்துப் போனார். வட்டிக்கு வாங்கிப் பயிர் வைத்தவர்களுக்கு அந்தப் பணம் பெரிய மூச்சு. 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் இருந்தால்தான் நிவாரணம் என்பதால், தோட்டக்கலைத் துறைப் பெண் அலுவலர் அட்டை கடித்த காலோடு ஒவ்வொரு விளையாக ஏறி இறங்கி எண்ணினார். குத்தகைக்குப் பயிர் வைத்தவர்களின் பெயர் விடுபடக் கூடாது என்று எங்கள் கிராம நிர்வாக அலுவலர் பயிர்க் கணக்குப் பதிவேடான அடங்கலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்து சரிபார்த்தார். ரப்பர் வைத்தவர்களின் நஷ்டம் மட்டும் நிவாரணத்தால் ஈடாகாது. புதுக் கன்று வைத்துப் பால் வெட்ட ஏழு வருடம் ஆகும். இதை மேலிடத்துக்கு எடுத்துச் சொல்கிறோம் என்று வாக்குக் கொடுத்தவர்களுக்கும் நன்றி. நாங்களும் விடாமல் கேட்போம்.

நின்றுபோன கொடையை வைகாசி கடைசி வெள்ளிக்கிழமை நடத்துகிறோம். பந்தல் போடவில்லை, பள்ளிக்கூட வளாகத்தில் சாப்பாடு. மேலே எழுதிய எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும். தூத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் அன்றைக்கு ஒரு சாயாகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டீர்கள். இந்தத் தடவை விடமாட்டோம். பால்வெட்டும் தங்கச்சிக்கு அன்று லீவு தரும்படி தோட்ட அலுவலகத்தில் ஊர் சார்பில் மனு கொடுத்திருக்கிறோம்.

அப்புறம், நீலத் தார்பாய் ஐந்தும் ஒரு நைலான் வடமும் இங்கே தங்கிவிட்டன. காயவைத்து மடித்துக் கோயில் அறையில் வைத்திருக்கிறோம். யாருடையது என்று சொன்னால் நாங்களே கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
ஊர்மக்கள் சார்பில்,
அம்மன் கோயில் கொடை விழாக் குழு