தாஹித்தியிலிருந்து அக்காவுக்கு

பப்பேத்தே,
ஜூலை மாதம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் அதற்குள் மடித்து வைத்திருந்த பத்திர நகலும் கிடைத்தன. இங்கே தபால்காரர் வாசலுக்கு வருவதில்லை. தபால் நிலையத்தில் இருக்கும் பெட்டியை நாமே போய்த் திறக்க வேண்டும். நான் அந்தப் பக்கம் போகாமலே இருந்ததால் உன் கடிதம் எத்தனை வாரம் இருட்டில் கிடந்ததோ தெரியவில்லை. "போனில் ஒரு வார்த்தை பேசினால் குறைந்தா போய்விடுவாய்?" என்று கேட்டிருக்கிறாய். நியாயம்தான். ஆனால் நமக்கு நடுவே பதினைந்தரை மணி நேரம் கிடக்கிறதே! நீ விளக்கேற்றும்போது எனக்கு நடுச்சாமம். நான் வேலை முடிந்து வந்து உட்காரும்போது உனக்கு மறுநாள் காலை. அத்தானுக்கு டிபன் கட்டும் அவசரம். அதுவும் போக, போனில் நீ என் குரலை வைத்தே சோறு தின்றேனா இல்லையா என்று கண்டுபிடித்துவிடுவாய். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை.

மனை விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். செந்தில் கொஞ்சம் பொறுக்கட்டும்.

நான் நலம். அதே ஹோட்டல் தோட்டத்தில்தான் வேலை. இப்போது பாதி அறைகளை மூடிவிட்டுப் பழுதுபார்க்கிறார்கள் என்பதால் எங்களுக்கு வேலை நாட்களைக் குறைத்திருக்கிறார்கள். ஒரு வகையில் நல்லதுதான், முதுகுக்கு ஓய்வு. சாப்பாட்டுக்கும் குறைவில்லை. சேவல் பாட்டி வீட்டு மரத்திலிருந்து சீமைப்பலா வேண்டிய மட்டும் கிடைக்கிறது. அப்பாவின் பட்டாளத்து நண்பர் மாஹேயிலிருந்து வரும்போதெல்லாம் கடச்சக்கை என்று சாக்கில் கட்டிக்கொண்டு வருவாரே, அதேதான். இங்கே முழுக் காயை நெருப்பில் போட்டுத் தோல் கரியாகும்வரை சுட்டு, உரித்து, தேங்காய்ப்பாலில் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள். நான் மிளகாய்த்தூள் போட்டு வறுவல் செய்வேன். சில நாள் பொரியல், சில நாள் குழம்பு. சில நாள் காலையிலும் அதுதான்.

இந்தக் காய்க்காக ஒரு கப்பலே கலகம் செய்தது தெரியுமா? கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளுக்குப் போட மலிவான தீனி வேண்டும் என்று ஆங்கிலேயர் பிளை என்ற கப்பல் தலைவனை இங்கே அனுப்பினார்கள். 1788 அக்டோபரில் பவுண்டி கப்பல் வந்தது. ஐந்து மாதம் தங்கிக் கன்று பதியம் போட்டு, 1,015 செடிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. மூன்று வாரம் போனதும் மாலுமிகள் திரும்பிக்கொண்டார்கள். பிளையை ஒரு சிறு படகில் இறக்கிவிட்டு, கன்றுகளையெல்லாம் கடலில் எறிந்துவிட்டார்கள். அவன் விடவில்லை, இன்னொரு கப்பலோடு மறுபடியும் வந்து, 1793-இல் செயின்ட் வின்சென்டிலும் ஜமைக்காவிலும் கன்றுகளைச் சேர்த்தான். யாருக்காகக் கொண்டுபோனானோ அவர்கள் முதலில் அதை வாயில் வைக்கவே மறுத்தார்களாம். எனக்கு அதில் ஒரு சந்தோஷம். அறுபது வருடம் கழித்து நம் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் கப்பலேறிப் போனார்கள் அல்லவா? அவர்கள் இறங்கியபோது அந்தக் கடல் தீவுகளில் சீமைப்பலா நிழல் தரும் அளவுக்கு வளர்ந்திருந்தது. நம் ஊர்க்காரர்கள் எனக்கு முன்பே இதைக் குழம்பு வைத்திருப்பார்கள்.

துவரம்பருப்பு கிடைப்பதில்லை. சீனர் கடையில் பிரஞ்சு மசூர் பருப்பு வாங்கிச் சாம்பார் என்று பெயர் வைத்து ஒன்று செய்கிறேன். எந்த மூலைக்குப் போனாலும் சீனர் கடைதான். அவர்களுடைய முன்னோர் 1865-இல் பருத்தித் தோட்டத்துக்குக் கூலிகளாக வந்தவர்கள். தோட்டம் நொடித்துப்போனது, கடைகள் நிலைத்துவிட்டன.

சேவல் பாட்டி சுகமாக இருக்கிறாள். சேவல்கள் இன்னும் பெருகிவிட்டன; விடிவதற்கு ரொம்ப முன்பே ஆரம்பித்துவிடுகின்றன. கிழவரின் கல்லறை சமையலறை வாசலுக்கு எதிரே இருப்பதைப் பற்றி முன்பே எழுதியிருந்தேன். நீயும் பயந்து "வீட்டை மாற்று" என்று பதில் போட்டாய். இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான், அக்கா. சொந்த மண்ணில் சொந்தக்காரர்களைப் புதைத்து, மேலே ஒரு தகரக் கூரையும் போட்டுவிடுகிறார்கள். பாட்டி அந்தக் கல்லறை ஓரத்தில் உட்கார்ந்துதான் தைக்கிறாள். கிழவரோடு சண்டையும் போடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடையும் தாழையோலைத் தொப்பியுமாகக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, காதில் செருகியிருந்த தியாரே பூவை எடுத்து அவர் தலைமாட்டில் வைக்கிறாள். இடது காதில் பூ இருந்தால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம், வலது காது என்றால் இல்லை. எண்பது வயதிலும் அவள் இடது காதை விடவில்லை. எனக்கும் ஒன்று பறித்துக் கொடுத்தாள். எந்தக் காது என்று கேட்டுச் சிரித்தாள். சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

இப்போது பேத்தியின் கல்யாணத்துக்குத் திஃபைஃபை தைக்கிறாள். திஃபைஃபை என்றால் கட்டில் விரிப்பு அளவுக்குப் பெரிய துணி. கல்யாணத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் சேர்த்து அதனால் போர்த்துவார்கள். ஒரு நிறத் துணியை மடித்து மடித்துக் கத்தரியால் வெட்டுகிறாள். விரித்தால், திருவிழாவுக்கு நாம் மடித்து வெட்டும் வண்ணக் காகிதம் போல, எட்டுப் பக்கமும் சீமைப்பலா இலை. அதை வேறு நிறத் துணிமேல் வைத்துக் கண்ணுக்குத் தெரியாத தையல் போடுகிறாள். ஒரு காலத்தில் மரப்பட்டையை அடித்துத் துணி செய்தவர்கள் இவர்கள். பாதிரிமார்களின் மனைவிகள் ஊசியும் பருத்தித் துணியும் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் ஊரில் அந்தத் தையல் எப்படி இருந்ததோ, இங்கே தோட்டத்தையே துணிக்குள் இறக்கிவிட்டார்கள்.

இதை யாழினிக்குக் கட்டாயம் படித்துக் காட்டு. பாரதியார் பல்கலைக்கூடத்தில் ஓவியம் படிக்கிறவளுக்கு மாமாவால் வேறென்ன சொல்ல முடியும்? மத்தீஸ் என்ற பெரிய ஓவியர் 1930-இல், தம் அறுபதாவது வயதில், இங்கே வந்தார். மூன்று மாதம் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். ஏறக்குறைய எதுவும் வரையவில்லை. பதினாறு வருடம் கழித்துப் பாரிசில், தூரிகையை வைத்துவிட்டுக் கத்தரியைக் கையில் எடுத்தபோது, இந்தக் கடலும் வானமும் பவளமும் பறவைகளும் வெள்ளைக் காகிதத் துண்டுகளாக அவர் சுவரில் வந்து ஒட்டிக்கொண்டன. திஃபைஃபையைப் பார்த்த ஞாபகம் அவர் கைக்குள் இருந்தது என்று சொல்பவர்கள் உண்டு. பாட்டியின் கத்தரியைப் பார்த்தபிறகு எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

அவள் கேட்டது இங்கே வந்து வாழ்ந்த பிரஞ்சு ஓவியர் கோகானைப் பற்றி. "மாமா, அவர் ஊரிலேயே இருக்கிறீர்களே, அசல் படங்களைப் பார்த்தீர்களா?" இல்லை, கண்ணே. இங்கே அவர் பெயரில் பள்ளிக்கூடம் இருக்கிறது, சுற்றுலாக் கப்பல் இருக்கிறது, துண்டிலும் தட்டிலும் அவர் வரைந்த பெண்கள் இருக்கிறார்கள். அவர் பெயரில் அருங்காட்சியகம் ஒன்றும் இருந்தது. அதிலும் பெரும்பாலும் நகல்கள்தான், இப்போது அதையும் பூட்டிவிட்டார்கள். "எங்கிருந்து வந்தோம், நாம் யார், எங்கே போகிறோம்" என்று இங்கே 1897-இல் தொடங்கி வரைந்த அந்தப் பெரிய படம் பாஸ்டனில் இருக்கிறது. "எப்போது கல்யாணம்?" என்ற படம் சில வருடங்களுக்கு முன் 21 கோடி டாலருக்குக் கைமாறியது. 1891-இல் அவர் வந்து இறங்கியபோது பப்பேத்தே ஏற்கெனவே பாதிப் பிரஞ்சு ஊர். தேடி வந்த காட்டு வாழ்க்கை காணோம் என்றதும் மத்தையேயா கிராமத்துக்குப் போய், மறைந்துபோன சாமிகளைப் புத்தகத்தில் படித்து வரைந்தார். அவருடைய மஞ்சளும் ஊதாவும் பொய்யல்ல. மாலை ஐந்து மணிக்கு மலைப்பக்கம் பார்த்தால் அப்படியே இருக்கிறது. ஆனால் அவர் வீட்டில் வைத்துக்கொண்ட பெண்ணுக்குப் பதின்மூன்று வயது. வகுப்பில் இதைச் சொல்லித் தருகிறார்களா என்று யாழினியைக் கேள். சேவல் பாட்டியிடம் அவர் பேரைச் சொன்னால் ஊசியை நிறுத்தாமலேயே உதட்டைப் பிதுக்குகிறாள்.

நேரம் கிடைத்ததால் பப்பேயாரி தாவரவியல் தோட்டத்துக்கும் போய் வந்தேன். இங்கிருந்து 50 கிலோமீட்டர். ஹாரிசன் ஸ்மித் என்ற அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் வேலையை உதறிவிட்டு வந்து உண்டாக்கியது. உலகத்தின் வெப்ப நாடுகளிலிருந்தெல்லாம் மரம் கொண்டுவந்து நட்டார். ரம்புத்தான், பலவகை மூங்கில், போர்னியோவிலிருந்து பம்பளிமாஸ். இங்கத்துப் பம்பளிமாஸை நீ சாப்பிட்டுப் பார்க்க வேண்டும், பச்சைத் தோலுக்குள் தேன். அதே மனிதர் 1937-இல் இலை அழகாக இருக்கிறதே என்று மிக்கோனியா என்ற செடியையும் வைத்தார். மேலே பச்சை, அடியில் ஊதா, ஒவ்வொரு இலையும் ஒரு முழத்துக்கு மேல். அது தோட்டத்தைத் தாண்டி மலையேறி, இன்றைக்குத் தீவில் மூன்றில் இரண்டு பங்கை மூடிவிட்டது. அதன் நிழலில் இந்த மண்ணின் செடி எதுவும் முளைப்பதில்லை. வேர் மேலோட்டமாக ஓடுவதால் மழையில் மலைச்சரிவும் பெயர்ந்து விழுகிறது. ஹோட்டல் தோட்டத்தில் அதன் கன்று கண்ணில் பட்டால் உடனே பிடுங்க வேண்டும் என்பது எங்களுக்கு முதல் பாடம்.

அதன் விதையை ஊரெல்லாம் பரப்புவது யார் தெரியுமா? நம் கொண்டைக்குருவி! வாலடியில் சிவப்புப் பொட்டு வைத்துக்கொண்டு நம் கொல்லையில் கறிவேப்பிலைப் பழத்தைக் கொத்துமே, அதுதான். 1970-களின் கடைசியில் யாரோ கூண்டில் கொண்டுவந்து பறக்கவிட்டிருக்கிறார்கள். மைனாவும் உண்டு, அது இன்னும் பழைய ஆள். இரண்டையும் இங்கே யாருக்கும் பிடிக்காது. பாட்டி கல்லெடுத்து எறிவாள். நானும் அவள் முன்னால் அப்படித்தான் "ச்சூ" என்பேன். ஆனால் வேலையில்லாத காலையில் சன்னலுக்கு வெளியே அது கூப்பிட்டால், எழுந்திருக்காமல் படுத்தே இருப்பேன். கண்ணைத் திறக்காமல் இருந்தால் கொல்லைக் கதவைத் திறக்கும் சத்தமும், அம்மா வாளியை இறக்கும் சத்தமும் அடுத்துக் கேட்கும் என்று இருக்கும். அம்மா போய் இத்தனை வருடமாகியும் இது விடவில்லை, அக்கா. போன வாரம் அப்படிப் படுத்திருந்து வெகுநேரம் எழவேயில்லை. காய்ச்சல் ஒன்றுமில்லை, பயப்படாதே.

மாங்கனித் திருவிழா முடிந்திருக்கும். பிச்சாண்டவர் நம் வீதி வழியாக வந்தபோது மொட்டைமாடியில் யார் நின்று மாம்பழம் இறைத்தார்கள்? செந்தில் பிள்ளைகளா? கோட்டுச்சேரி சித்தி வந்திருந்தாளா? இங்கேயும் இந்த மாதம் முழுக்க ஹேய்வா திருவிழா. முரசு அடித்துக் கூட்டம் கூட்டமாக ஆடுகிறார்கள். ஒரு காலத்தில் பாதிரிமார் தடுத்து வைத்த ஆட்டம். 1881-லிருந்து ஜூலை விழாவில் ஆட அனுமதி கிடைத்தது. இப்போது ஜப்பானிலும் மெக்சிகோவிலும் பள்ளி வைத்துக் கற்றுக்கொள்கிறார்கள். டிக்கெட் விலை கொஞ்சம் அதிகம். வெளியே நின்று முரசு கேட்டேன், அதுவே போதும்.

சரி, மனைக்கு வருவோம். செந்தில் அனுப்பிய பத்திர நகலை இரண்டு முறை படித்தேன். முன்வீடு, கொல்லை இரண்டையும் ஒரே எல்லைக்குள் எழுதியிருக்கிறான். தாத்தா காலத்துப் பிரஞ்சுப் பத்திரத்தில் கிணற்றடியிலிருந்து பின்பக்கம் தனி மனை. நாளை கொல்லையை விற்கிறோம் என்று கையெழுத்துப் போட்டால் வாசல்படியும் சேர்ந்து போய்விடும். அவன் வேண்டுமென்றே செய்திருக்க மாட்டான். புரோக்கர் எழுதியதை அப்படியே நகல் எடுத்திருப்பான். ஆனாலும் பார்த்துக்கொள். இங்கே நிலத்தைப் பிரிக்காமலே விட்டுவிட்டு, பேரன் பேத்தி எள்ளுப்பேரன் என்று பங்காளிகள் பெருகி, இதற்கென்றே பப்பேத்தேயில் தனி நீதிமன்றம் நடக்கிறது. பாட்டி தன் வீட்டுக்குக் கூரை மாற்ற நியூ கலிடோனியாத் தீவின் நூமேயாவில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன் கையெழுத்துக்குக் காத்திருக்கிறாள். நமக்கு அந்த வழக்கெல்லாம் வேண்டாம்.

ஆகவே, முதலில் சர்வேயரை வைத்து அளந்து, உன் பெயர், செந்தில் பெயர், என் பெயர் என்று மூன்று பட்டாவாகப் பிரியுங்கள். வில்லங்கச் சான்றிதழ் எடுங்கள். பவர் பத்திரம் எழுதித் தருகிறேன். ஆனால் உன் பெயருக்கு மட்டும். செந்திலுக்கு வருத்தம் வந்தால் நான் சொன்னதாகவே சொல். என் பங்கை இப்போது விற்க வேண்டாம். விற்றால் உடனே பணம் வரும் என்பது எனக்கும் தெரியும். மதிலோரக் காகிதப்பூவை அளக்கிறோம் என்று வெட்டிவிடப் போகிறார்கள், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள். இந்தத் தீவுக்கு 1768-இல் வந்த பூகன்வில் என்ற பிரஞ்சுக் கப்பல் தலைவனின் பெயர்தான் அந்தச் செடிக்கு. ஆகவே இனி அது எனக்குச் சொந்தக்காரர்.

இந்த மாதப் பணம் இருபதாம் தேதிக்கு மேல்தான் வரும். வங்கியை மாற்றுகிறேன், அதனால் தாமதம். அத்தானிடம் சொல்ல வேண்டாம், யாழினி கட்டணத்துக்கு மட்டும் எவ்வளவு, கடைசி நாள் எது என்று தனியாக எழுது. அவள் பேருக்குப் பாட்டியின் வெட்டுத்துணி ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
தம்பி

பி.கு.: முருங்கை விதையும் வெண்டை விதையும் அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டவே வேண்டாம். விதை, வேர், மண் எதையும் இங்கே உள்ளே விட மாட்டார்கள், பார்சலைப் பிரித்து எரித்துவிடுவார்கள். மிக்கோனியா கொடுத்த புத்தி. சாம்பார்ப் பொடியைக் கடையில் சீல் வைத்த பொட்டலமாக வாங்கி அனுப்பு, வீட்டில் அரைத்தது வேண்டாம். அம்மையார் கோயில் விபூதியும் கொஞ்சம் வை. அது முளைக்கும் என்று யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.