4 முறை ஒர்க்ஷாப் வந்தும் நிற்காத டேப்பட் கவர் ஆயில் கசிவு: புகார்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், ஒட்டன்சத்திரம்.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தலைமை அலுவலகம்.

பொருள்: என் காரில் இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரிலிருந்து வரும் ஆயில் கசிவைச் சரிசெய்யாமல் அலைக்கழித்ததும், அதனால் ஏற்பட்ட நஷ்டமும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதற்கு முன் 4 மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். நான்குக்கும் ஒரே பதில்தான்: "உரிய பிரிவுக்கு அனுப்பியுள்ளோம்." அந்த உரிய பிரிவிலிருந்து இன்றுவரை ஒருவரும் பேசவில்லை. அதனால் இந்த முறை ஜாப் கார்டு, பில் நகல்களோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன். தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

வண்டி எடுத்து 4 வருடம் ஆகிறது. 52,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. 5ஆம் வருடத்துக்கும் சேர்த்து வாரண்டிக்குப் பணம் கட்டியிருக்கிறேன். ஆனி மாதக் கடைசியில் வண்டி நின்று கிளம்பும்போதெல்லாம் உள்ளே கருகல் வாடை வந்தது. பானெட்டைத் தூக்கினால், இன்ஜின் புகையை வெளியே கொண்டுபோகும் சூடான குழாயான மேனிஃபோல்டிலிருந்து புகை. எந்த மூலையில் கசிகிறது என்று நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உங்கள் இன்ஜின், நீங்கள் செய்தது.

திண்டுக்கல்லில் உள்ள உங்கள் ஒர்க்ஷாப்புக்கு முதல் முறை போனபோது இன்ஜினைக் கழுவித் துடைத்துக் கொடுத்தார்கள், 850 ரூபாய். 10 நாளில் மறுபடி அதே வாடை. இரண்டாவது முறை, இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பில் பேக்கிங் (கசியாமல் அடைக்கும் பட்டை) போய்விட்டது என்று சொல்லி அதை மாற்றினார்கள். கூலியை என்னிடமே வாங்கினார்கள். ஆயில் மேலே கசிந்து இன்ஜினின் பின்பக்கமாக வழிந்து இறங்கினால் கீழே சம்ப்பில்தான் வந்து சொட்டும். மேலே ஒரு டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மூன்றாவது முறை கவரைக் கழற்றாமலே ஓரத்தில் பேஸ்ட்டை அப்பிவிட்டு "சரியாயிடும் சார்" என்றார்கள்.

நான்காவது முறை நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "டேப்பட் கவர் பேக்கிங் வந்துவிட்டது, 9 மணிக்கு வந்துவிடுங்கள்" என்று உங்கள் ஆட்களே போன் செய்தார்கள். நான் கமிஷன் மண்டி வைத்திருக்கிறேன். அன்று ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தைய நாள், வரத்து அதிகம். மண்டியை அக்கா மகனிடம் ஒப்படைத்துவிட்டு 8.40க்கே போய் நின்றேன். சாயங்காலம் 4.30 வரை உட்கார வைத்தார்கள். நான் சர்க்கரை நோயாளி. சாப்பிடப் போனால் அந்த நேரத்தில் கூப்பிட்டுவிடுவார்களோ என்று இரண்டு பிஸ்கட்டோடு இருந்தேன். கடைசியில் கவரைப் பிரித்து பேக்கிங்கை மேசையில் விரித்தார்கள். என் வண்டி 4 சிலிண்டர். சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு இருக்க வேண்டும்; அந்த பேக்கிங்கில் ஸ்பார்க் பிளக் குழிக்கான வட்டம் மூன்றுதான் இருந்தது. எனக்கே தெரிந்தது. காலையில் ஒரு நிமிடம் பிரித்துப் பார்த்திருக்கக் கூடாதா?

அதைக் கேட்டதற்குத்தான் உங்கள் சர்வீஸ் அட்வைசர், செல்போனிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல், "நீங்க என்ன மெக்கானிக்கா? ஆயில்னா கசியத்தான் செய்யும். கொஞ்சம் ஊத்தி ஓட்டுங்க. உங்க ஒரு வண்டிக்காக நாங்க உட்கார்ந்திருக்கல" என்றார். எனக்கு 61 வயது. மண்டியில் மூட்டை தூக்கும் பையன்களைக்கூட வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுகிறேன். சுற்றி நின்ற 10 பேர் முன்னால் அந்தப் பேச்சு.

சரி, அவர் சொன்னபடியே ஆயில் ஊற்றித்தான் ஓட்டினேன். அடுத்த வாரம் மாசமாக இருக்கும் மகளை ஸ்கேனுக்கு மதுரை அழைத்துப் போகும் வழியில், கொடைரோடு டோல்கேட் தாண்டியதும் வண்டி மிஸ்ஸிங் அடித்துக் குலுங்கியது. மஞ்சள் விளக்கு எரிந்தது, பிக்கப்பே இல்லை. உங்கள் ரோடு உதவி எண்ணில் 40 நிமிடம் பாட்டு மட்டும் கேட்டது. பக்கத்து ஷெட்டிலிருந்து வந்த தம்பி, பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலை உருவிக் காட்டினார். அதன் ரப்பர் ஊறி உப்பியிருந்தது, நுனியிலிருந்து ஆயில் சொட்டியது. பிளக் குழிக்குள் ஒரு விரல்கடை ஆழத்துக்கு ஆயில். "ஐயா, கவர் பேக்கிங் சூட்டுல இறுகிப்போச்சு. இதை விட்டதாலதான் காயில் போச்சு" என்றார். இரண்டு காயில் மாற்றியது என் கைக்காசு.

அந்தத் தம்பிக்குத் தெரிந்தது உங்கள் ஒர்க்ஷாப்புக்குத் தெரியாதா? பழைய பேஸ்ட்டைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்து, எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்த பிறகுதான் புது பேக்கிங் உட்கார வேண்டும். டைமிங் செயின் கவரும் ஹெட்டும் சேரும் மூலைகளில் மட்டும் ஒரு பொட்டு பேஸ்ட். போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து அளவாக முடுக்க வேண்டும்; இறுக்கிவிட்டால் பிளாஸ்டிக் கவர் வளைந்து மறுபடி கசியும். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்திருந்தால் உள்ளே பிரஷர் ஏறி புது பேக்கிங்கிலும் ஆயில் தள்ளும். 4 ஜாப் கார்டிலும் பிசிவி என்ற சொல்லே இல்லை.

இப்போது கேட்டால் "வெளியே கை வைத்துவிட்டீர்கள், வாரண்டி கிடையாது" என்கிறார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரியை நான்குவழிச் சாலையில் வெயிலில் நிறுத்திவிட்டு நான் யாருக்காகக் காத்திருப்பது? என் பேரப்பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் யார் பொறுப்பு? அப்புறம், நான் மண்டியில் இல்லாத அன்று ஒரு லோடு முருங்கைக்காய் கைமாறிப் போனது. 12 வருடமாக வந்த கேரள வியாபாரி இப்போது பக்கத்துக் கடையில் வாங்குகிறார். இந்த ஒரு பேக்கிங்கால் என் தொழிலே படுத்துவிட்டது. எப்படிப் பார்த்தாலும் 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத நஷ்டம்.

உங்கள் வண்டி மோசம் என்று நான் சொல்லவில்லை. என் தம்பியையும் இதே வண்டியை வாங்க வைத்தவன் நான். அந்த உரிமையில்தான் கேட்கிறேன். சரியான பேக்கிங்கைப் போட்டு, பிசிவி வால்வையும் பார்த்து, இலவசமாகச் சரிசெய்து தாருங்கள். நான் கட்டிய எல்லா பில் தொகையையும், காயில் செலவையும் திருப்பித் தாருங்கள். வேலை நடக்கும்போது நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன், அதற்கும் அனுமதி வேண்டும்.

15 நாள் பார்ப்பேன். அதற்குள் பதில் வராவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். பொருளுக்கோ சேவைக்கோ கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணம்கூட இல்லை. தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 எண்ணிலும் புகாரைப் பதிந்துவிடுவேன். அந்த நிலைக்கு என்னைத் தள்ளாதீர்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

பணத்தைக் கொடுத்துவிட்டால் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். "நீங்க என்ன மெக்கானிக்கா" என்று கேட்டவர் என்னிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும். அவர் பெயர் நான்காவது ஜாப் கார்டில் கையெழுத்தோடு இருக்கிறது. போனில் பேசிச் சமாதானப்படுத்த வேண்டாம், பதிலை எழுத்தில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ஜாப் கார்டு நகல் 4, பில் நகல் 3, பிளக் குழியின் புகைப்படம் 2.