லைப்சிக்கிலிருந்து சித்தப்பாவுக்கு

லைப்சிக்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். சித்தியின் முழங்காலுக்கு அந்தத் தைலம் கேட்கிறதா? அம்மாவிடம் போனில் கேட்டால் "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று முடித்துவிடுகிறாள். நீங்களாவது விவரமாக எழுதுங்கள்.

போன தடவை குளிர், வரிப் பிடித்தம், அரிசி விலை என்று நான் பக்கம் பக்கமாகப் புலம்பியதற்கு, "அதெல்லாம் இருக்கட்டும், அங்கே ஃபுட்பால் எப்படி?" என்று ஒரே வரியில் பதில் போட்டிருந்தீர்கள். சரி, இந்தக் கடிதம் முழுக்க அதுதான்.

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் என் வார்டில் இரண்டு பெரியவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் ரயில்வே பணிமனையில் இருந்தவர், இன்னொருவர் அச்சகத்தில். இரண்டு பேரையும் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்காதே என்று வேலைக்குச் சேர்ந்தபோதே சீனியர் நர்ஸ் எச்சரித்துவிட்டார். ஏதோ சொத்துத் தகராறு போலிருக்கிறது என்று நினைத்தேன். விஷயம் அதில்லை. ரயில்வேக்காரர் லோகோமோட்டிவ் லைப்சிக் ஆள், நீலமும் மஞ்சளும். அச்சகக்காரர் கெமி லைப்சிக், பச்சையும் வெள்ளையும். நான் பேசும் ஜெர்மன் பாதி இவர்கள் சண்டையில் கற்றதுதான்.

கிழக்கு ஜெர்மனி தனி நாடாக இருந்த காலத்தில் இங்கே முதல் டிவிஷனுக்கு ஓபர்லிகா என்று பெயர். 1949-ல் ஆரம்பித்து 1991-ல் முடிந்தது. உங்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். பெரம்பூரில் ஐ.சி.எஃப்., சதர்ன் ரயில்வே என்று டிபார்ட்மென்ட் அணிகளாகவே பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இங்கே நாடே அப்படி. பெயரைப் பார்த்தாலே எந்தத் துறை என்று தெரிந்துவிடும்: லோகோமோட்டிவ் என்றால் ரயில்வே, கெமி ரசாயனம், டர்பைன் மின்சாரம், விஸ்முட் யுரேனியச் சுரங்கம், ஃபோர்வெர்ட்ஸ் ராணுவம், டைனமோ போலீசும் உளவுத்துறையும். ஆட்டக்காரர் பேப்பரில் ஃபிட்டர், நிஜத்தில் ஃபார்வர்டு. உங்களுக்குத் தெரியாததா!

வித்தியாசம் எங்கே என்றால், நம் ஊரில் அணியைத் தூக்கிக்கொண்டு போய் வேறு ஊரில் வைக்க மாட்டார்கள். இங்கே வைத்தார்கள். 1954-ல் எர்ட்ஸ்கெபிர்கே மலைப்பக்கம் லவுட்டர் என்ற சின்ன ஊரின் அணி, எம்போர் லவுட்டர், ஓபர்லிகாவில் நன்றாக ஆடிக்கொண்டிருந்தது. வடக்கே கடலோரத்து ரோஸ்டாக் நகரத்துக்கு முதல் டிவிஷனில் அணி இல்லை. கட்சி ஆபீசில் முடிவெடுத்து, சீசன் நடுவிலேயே ஆட்டக்காரர்களை மொத்தமாக அங்கே அனுப்பிவிட்டார்கள். லவுட்டர்க்காரர்களை யாரும் கேட்கவில்லை. அதே ஆண்டில் டைனமோ டிரெஸ்டனின் ஆட்டக்காரர்களும் பெர்லினுக்குப் போனார்கள். பக்கத்து ஊரான ஆவேயின் விஸ்முட் அணிக்குப் பெயர் மட்டும் கார்ல்-மார்க்ஸ்-ஸ்டாட் என்று வேறொரு நகரத்தின் பெயராக மாறியது, ஆட்டம் ஆவேயிலேயே நடந்தது. அந்தப் பெயரோடு 1956, 57, 59 மூன்றிலும் சாம்பியன்.

தலையீடு முதல் சீசனிலேயே ஆரம்பித்துவிட்டது. 1950 ஏப்ரலில் டிரெஸ்டனில் கடைசி ஆட்டம், ஜெயித்தவருக்குப் பட்டம். ஒரு பக்கம் ஹோர்ச் கார் தொழிற்சாலையின் ஸ்விக்காவ் அணி. எதிரே டிரெஸ்டன்-ஃபிரீட்ரிஷ்ஸ்டாட், பழைய 'முதலாளித்துவ' கிளப்பின் மிச்சம். ஆட்சியாளர்கள் எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை. முரட்டு ஆட்டத்தை நடுவர் கண்டுகொள்ளவில்லை, 5-1 என்று ஸ்விக்காவ் ஜெயித்தது, கூட்டம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. பிறகு தோற்ற அணியையே கலைத்துவிட்டார்கள். அதன் பயிற்சியாளரும் ஆட்டக்காரருமான ஹெல்முட் ஷோன், பெரும்பாலான சகாக்களோடு மேற்கு பெர்லினுக்குப் போய்விட்டார். 1974-ல் மேற்கு ஜெர்மனிக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்த கோச் அவர்தான். அந்தப் போட்டியில் அவர் தோற்ற ஒரே ஆட்டம் ஹாம்பர்கில், கிழக்கு ஜெர்மனியிடம், ஸ்பார்வாஸர் போட்ட கோலில். கதை எழுதுகிறவன்கூட இப்படி முடிச்சுப் போட யோசிப்பான்.

இப்போது எங்கள் வார்டு சண்டைக்கு வருகிறேன். 1963-ல் லைப்சிக்கின் இரண்டு பெரிய அணிகளையும் கலைத்துப் போட்டு அதிகாரிகள் பிரித்தார்கள். தேறியவர்கள் என்று கருதியவர்களை எல்லாம் எஸ்.சி. லைப்சிக் என்ற ஒரே அணியில் சேர்த்தார்கள். பின்னாளில் லோகோமோட்டிவ், சுருக்கமாக லோக், ஆனது இதுதான். வேண்டாம் என்று ஒதுக்கியவர்கள் கெமிக்கு. 'லைப்சிக்கின் மிச்சம்' என்றே ஊரில் அவர்களுக்குப் பெயர். கோச் ஆல்ஃபிரட் குன்ட்ஸே. மறு வருஷம் மே மாதம் எர்ஃபுர்ட்டில் கடைசி ஆட்டத்தில் 2-0 ஜெயித்து அந்த மிச்சம்தான் நாட்டுக்கே சாம்பியன்! பொறுக்கி எடுத்த அணி மூன்றாமிடம். அச்சகக்காரருக்குக் காலையில் என்ன மாத்திரை போட்டோம் என்பது நினைவிருக்காது. அந்த 11 பேரை கோல்கீப்பரில் ஆரம்பித்து வரிசையாகச் சொல்வார், ஒருவரைக்கூட விடமாட்டார்.

ரயில்வேக்காரரின் காயம் வேறு. 1979 முதல் 1988 வரை பத்து வருஷம் தொடர்ந்து ஒரே அணி சாம்பியன், பெர்லினின் பி.எஃப்.சி. டைனமோ. உளவுத்துறை அமைச்சர் எரிக் மீல்கேயின் செல்லப் பிள்ளை அது. 1986 மார்ச்சில் லைப்சிக்கில் லோக் 1-0 முன்னிலை. 90 நிமிடமும் கடந்து போன பிறகு நடுவர் டைனமோவுக்கு பெனால்டி கொடுத்தார். 1-1. நாடே கொதித்தது, நடுவரை இடைநீக்கம் செய்தார்கள். லோக் அந்த வருஷம் இரண்டே புள்ளியில் இரண்டாமிடம். பல வருஷம் கழித்து வேறு கோணத்தில் எடுத்த வீடியோ வெளியானது. அதில் லோக் ஆள் இரண்டு கையாலும் தள்ளுவது தெரிகிறது. அதை அவருக்கு என் போனில் போட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, இரண்டு தடவை பார்த்தார். "அந்த வீடியோவை எடுத்தது யார்? டைனமோக்காரன்தானே?" என்றார். அத்தோடு விசாரணை முடிந்தது.

எல்லாம் தில்லுமுல்லு என்று நினைத்துவிடாதீர்கள், ஆட்டமும் இருந்தது. 1974-ல் மாக்டெபுர்க் அணி, முழுக்க அந்த வட்டாரத்துப் பையன்கள், ரோட்டர்டாமில் ஏ.சி. மிலானை 2-0 தோற்கடித்து ஐரோப்பாவின் கோப்பை வென்றோர் கோப்பையை (கப் வின்னர்ஸ் கப்) எடுத்தார்கள். 1987-ல் இதே கோப்பையின் அரையிறுதியில் லோக் பெனால்டி ஷூட் அவுட்டில் பிரான்ஸின் போர்டோ (Bordeaux) அணியை வென்றது. கடைசிப் பந்தை அடித்தவர் கோல்கீப்பர் ரெனே முல்லர்! டிக்கெட் கணக்கு 73,000. உள்ளே இருந்தது ஒரு லட்சம் என்கிறார் நம்மவர். இறுதியில் அயாக்ஸிடம் 0-1 தோல்வி, கோல் வான் பாஸ்டன்.

பெர்லின் சுவர் விழுந்ததும் நல்ல ஆட்டக்காரர்கள் மேற்கே போகத் தொடங்கினார்கள். 1990 ஜனவரியில் முதலில் போனவர் டைனமோவின் ஆந்த்ரியாஸ் டோம், லெவர்குசனுக்கு. 1991-ல் ஓபர்லிகாவை மூடியபோது இரண்டே அணிகளுக்குத்தான் ஒன்றுபட்ட ஜெர்மனியின் முதல் டிவிஷனான பண்டஸ்லிகாவில் இடம். ஒன்று டைனமோ டிரெஸ்டன். இன்னொன்று கடைசி சாம்பியன் ஹன்ஸா ரோஸ்டாக், அதாவது லவுட்டரிலிருந்து பெயர்த்தெடுத்துப் போன அதே வேர்.

லைப்சிக்கில் இரண்டு கிளப்பும் பெயர் மாறி, கடனில் மூழ்கின. ரசிகர்களே பழைய பெயரில் திரும்ப ஆரம்பித்துக் கடைசி டிவிஷனிலிருந்து ஏறினார்கள். 2004-ல் அந்தக் கடைசி டிவிஷனில் லோக் ஆடிய ஒரு ஆட்டத்துக்கு 12,000 பேருக்கு மேல் வந்தார்களாம். 2009-ல் ரெட் புல் கம்பெனி பக்கத்து ஊர் கிளப்பின் லைசன்ஸை வாங்கி ஆரம்பித்த அணிதான் இப்போது பெரிய மைதானத்தில் ஆடுகிறது. அதைப் பற்றிக் கேட்டால் மட்டும் என் இரண்டு பெரியவர்களும் ஒரே மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். எனக்கு அவர்கள் ஆட்டம் பிடித்துத்தான் இருக்கிறது, வார்டில் சொல்வதில்லை.

லீவு நாளில் அச்சகக்காரரை வீல்சேரில் வைத்து கெமியின் லொய்ட்ஷ் மைதானத்துக்கு அழைத்துப் போனேன். சுற்றிலும் காடு, கட்டையால் ஆன பழைய ஸ்டாண்டு, படிகளில் நின்றபடியே கத்தும் கூட்டம். நான்காம் டிவிஷன் ஆட்டம்தான். லைன்ஸ்மேனை அவர் திட்டிய திட்டில், வியாசர்பாடியில் நீங்கள் திட்டியதெல்லாம் தாலாட்டு.

உங்கள் ஐ.சி.எஃப். கதையை ரயில்வேக்காரரிடம் சொன்னேன். ரயில் பெட்டி கட்டுகிறவர் என்றதும் "அப்படியானால் லோக் ஆள்தான்" என்று முடிவே கட்டிவிட்டார். நீங்கள் ஜெர்சியில் நிற்கும் அந்தக் குரூப் போட்டோ வேண்டுமாம். தம்பியிடம் சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், நான் பிரிண்ட் போட்டுக் கொடுக்கிறேன். பார்சலில் நீலம்-மஞ்சள் ஒன்று, பச்சை-வெள்ளை ஒன்று, இரண்டு ஸ்கார்ஃபும் வருகிறது. எதைப் போட்டுக்கொண்டீர்கள் என்று மட்டும் இங்கே யாருக்கும் எழுதிவிடாதீர்கள், எனக்கு ஷிஃப்ட் ஓட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மகள்