அணை நீருக்குள் என்ன இருக்கிறது?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் நீச்சலில் நன்றாகத் தேறிவிட்டாள் என்று படித்ததில் ரொம்ப சந்தோஷம். உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

"கடலை விட்டுவிட்டு அணைத் தண்ணீரில் போய் முங்குகிறாயே, அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டிருந்தாய். பவளப்பாறை கிடையாது, உண்மைதான். ஆனால் நீர்த்தேக்கம் என்பது மூழ்கிப்போன நிலம். நின்றபடியே முழுகிய மரங்கள், பழைய சாலை, வீட்டு அஸ்திவாரம் எல்லாம் கீழே இருக்கும். அமெரிக்காவின் மீட் ஏரி என்ற அணை நீர்த்தேக்கத்தில் 1948-ல் விழுந்த பி-29 குண்டுவீச்சு விமானம் இன்னும் அடியில்தான் கிடக்கிறது.

எனக்குப் பிடித்தது அதைவிடச் சின்ன விஷயம். முட்டையிடும் பருவத்தில் ஆண் பாஸ் மீன் தரையில் வட்டமாகக் குழி பறித்து, முட்டைகளுக்குக் காவல் நிற்கும். நாம் கிட்டே போனாலும் ஓடாது. முகக்கண்ணாடிக்கு நேரே வந்து செவுள் விரித்து முறைக்கும். நாமும் ஒதுங்கிப் போய்விட வேண்டும். அது விலகினால் மற்ற மீன்கள் முட்டையைத் தின்றுவிடும்.

கோடையில் மேல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். சில மீட்டர் இறங்கியதும் சட்டென்று குளிர் அறையும். குளிர்ந்த நீர் கனமானது, அதனால் கீழேயே தங்கிவிடுகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் தார்ச்சாலைக் கானலைப் போல எல்லாமே நெளிந்து தெரியும். அதைப் பார்க்கவே இறங்கலாம். ஆனால் 10 டிகிரிக்குக் கீழே போனால் சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் சாதாரண ரெகுலேட்டர் உறைந்து, காற்று தானாகக் கொட்ட ஆரம்பித்துவிடலாம். குளிர்நீருக்கென்று செய்ததுதான் வேண்டும்.

நீ கடலில் பழகியவன், அதனால் எடையைக் கவனி. கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் கனம் அதிகம். உடம்பும் கருவிகளுமாக 100 கிலோ என்றால், மூழ்குவதற்காகக் கட்டும் ஈயத்தில் ஏறக்குறைய 2.5 கிலோவை இங்கே குறைத்துக்கொள்ள வேண்டும். அணை கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருந்தால், எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் என்ற முங்கும் கணக்கையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். அடியில் வண்டல், காலில் மாட்டும் ஃபின்ஸைத் தரைக்கு மேலே தூக்கி, தவளை உதையில் போனால்தான் கண் தெரியும். மரக்கிளைகளில் தூண்டில் நரம்பு சிக்கியிருக்கும் என்பதால் கத்தரி இல்லாமல் நான் இறங்குவதில்லை.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. மதகுப் பக்கமும் தண்ணீர் உறிஞ்சும் வாய்களின் பக்கமும் போகாதே. இழுப்பு தெரிகிற தூரத்துக்குப் போய்விட்டால் திரும்பி நீந்தவே முடியாது. மிதவை கட்டியிருக்கும் எல்லையை மதி. படகுகள் ஓடும் இடம், முங்குபவர் கொடியும் மிதக்க வேண்டும்.

சரி, வீட்டில் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வா. கரையில் கூடாரம் போடலாம், பிள்ளைகளுக்குக் கயாக் இருக்கிறது; உயிர்காப்பு அங்கி கட்டாயம். அப்புறம், கிளம்பும் முன் உன் கருவிகளையெல்லாம் கழுவி, நீர் வடித்து, நன்றாகக் காயவைத்துவிடு. மீட் ஏரியில் 2007-ல் வெளியிலிருந்து வந்து பெருகும் குவாகா சிப்பி தென்பட்டது. இன்றுவரை ஒழிக்க முடியவில்லை. அதன் குஞ்சு கண்ணுக்கே தெரியாது, வெட்சூட் என்ற முங்கு உடையின் ஈரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரோடு வேறொரு ஏரிக்குப் போய்விடும். நாம் நேசிக்கும் தண்ணீரை நாமே கெடுக்கக் கூடாது, இல்லையா?

7 மில்லிமீட்டர் வெட்சூட், தலையுறை, கையுறை, டார்ச் எடுத்து வா. எந்த மாதம் வசதிப்படும் என்று எழுது, நான் அனுமதி வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய முங்குத் துணை