சம்பளப் பட்டியலையும் கொஞ்சம் பாருங்கள்

ஐயா,

சென்ற ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். டிராஃப்டில் (அணிகள் புதியவர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் முறை) இளம் ஆட்டக்காரர்களை எடுத்து வளர்ப்பது காலவிரயம், ஃப்ரீ ஏஜென்சியில் (ஒப்பந்தம் முடிந்தவர்களை எந்த அணியும் எடுக்கும் சந்தை) காசைக் கொட்டினால் கோப்பை தானாக வரும் என்பது அதன் சாரம். 2010இல் லெப்ரானையும் பாஷையும் சேர்த்துக்கொண்ட மயாமியும், 2016இல் டூரன்டைச் சேர்த்துக்கொண்ட கோல்டன் ஸ்டேட்டும் அதற்குச் சாட்சிகளாம்.

நான் முப்பது வருடம் கணக்கு எழுதியே காலம் தள்ளியவன். ஆட்டத்தைப் பார்க்கும் முன் அணியின் சம்பளப் பட்டியலைத்தான் பார்ப்பேன். (இதை ஒரு வியாதி என்கிறான் என் மகன்.) அந்தப் பட்டியல் சொல்லும் கதை வேறு.

கோல்டன் ஸ்டேட்டின் கரி, தாம்சன், கிரீன் மூவருமே டிராஃப்டில் வந்தவர்கள். கரி 2009இல் 7ஆவது, தாம்சன் 2011இல் 11ஆவது, கிரீன் 2012இல் 35ஆவது. 2015 கோப்பையை டூரன்ட் இல்லாமலே வாங்கினார்கள். அடுத்த வருடம் அவரைக் கூட்டிவர இடம் எங்கிருந்து வந்தது? கணுக்கால் அடிக்கடி பிசகிக்கொண்டிருந்த 2012இல் கரி நான்கு வருடத்துக்கு வெறும் 4.4 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருதை இரண்டு முறை வாங்கிய மனிதருக்குச் சொந்த அணியிலேயே தாம்சனையும் கிரீனையும் விடக் குறைந்த சம்பளம்! அதோடு, புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தால் அந்தக் கோடையில் ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கான உச்சவரம்பு 7 கோடி டாலரிலிருந்து 9.4 கோடிக்குத் தாவியது. டூரன்ட் வந்தது இந்த இடைவெளியில்தான். மயாமிக்கு லெப்ரானும் பாஷும் போனார்கள், சரி. அங்கே 2003 டிராஃப்டில் 5ஆவதாக எடுத்த வேட் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாரே!

விதி ரொம்ப எளிது. சொந்த ஆளைத் தக்கவைக்க அணி உச்சவரம்பைத் தாண்டலாம். வெளியாளுக்குப் பெரிய சம்பளம் கொடுக்க வேண்டுமென்றால் வரம்புக்குள் இடம் இருக்க வேண்டும். முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர் நான்கு வருடம் வரை குறைந்த சம்பளத்தில் ஆடுவார். காசைக் கொட்டுவதற்கான இடத்தை உண்டாக்குவதே பெரும்பாலும் அந்த நான்கு வருடம்தான்.

இடத்தை மட்டும் காலி செய்து வைத்தால் என்ன ஆகும் என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன். மகன் நியூயார்க் நிக்ஸ் ரசிகன். 2019 ஜனவரியில் அந்த அணி, தானே டிராஃப்டில் 4ஆவதாக எடுத்த போர்ஜிங்கிஸை டாலஸுக்கு அனுப்பிவிட்டுச் சம்பளப் பட்டியலைத் துடைத்து வைத்தது. டூரன்டும் அர்விங்கும் வருவார்கள் என்று நம்பிக்கை. இவன் ஒரு பழைய திருமண அழைப்பிதழின் பின்பக்கத்தில் அடுத்த சீசனுக்கான ஐந்து பேரையும் எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தான். டிராஃப்ட் வரிசையை முடிவு செய்யும் லாட்டரியில் முதல் இடம் கிடைக்கும் என்று, அந்த வருட டிராஃப்டின் பெரிய நட்சத்திரமான சயனையும் சேர்த்து! 17 வெற்றி, 65 தோல்வி; லீக்கிலேயே கடைசி. ஆனாலும் முதல் இடத்துக்கான வாய்ப்பு 14 சதவீதம்தான் என்று சொன்னேன், காதில் வாங்கவில்லை. மூன்றாவது இடம் வந்தது. ஜூன் 30 அன்று இரண்டு நட்சத்திரங்களும் பக்கத்திலேயே இருக்கும் புரூக்ளினைத் தேர்ந்தெடுத்தார்கள். மகன் அட்டையை எடுத்துவிட்டான். காந்தம் மட்டும் ரொம்ப நாள் அங்கேயே இருந்தது.

வெளியிலிருந்து வந்து நிக்ஸின் நட்சத்திரமான பிரன்சன் விஷயத்தில் நான் தோற்றுத்தான் போகிறேன். 2022இல் நான்கு வருடத்துக்கு 10.4 கோடி டாலருக்கு அவரை நிக்ஸ் எடுத்தபோது அதிகம் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். மகன் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறான்.

டிராஃப்ட் என்றாலே வெற்றி என்றும் நான் சொல்லவில்லை. ஃபிலடெல்ஃபியா மூன்று சீசன்களில் 19, 18, 10 ஆட்டங்கள் மட்டுமே ஜெயித்து, வரிசையாக உயர்ந்த இடங்களை வாங்கியது. அப்புறமும் கோப்பைக்கான கடைசிக் கட்டமான பிளேஆஃபில் இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை.

கட்டுரையாளர் தொடாமல் விட்ட ஒன்று உண்டு. 2019இல் கிளிப்பர்ஸ் ஃப்ரீ ஏஜென்சியில் லெனர்டைப் பிடித்தது. அவருக்குத் துணையாகப் பால் ஜார்ஜைக் கொண்டுவர, ஓக்லஹோமாவுக்கு கில்ஜியஸ்-அலெக்சாண்டரையும் ஒரு கத்தை டிராஃப்ட் வாய்ப்புகளையும் தூக்கிக் கொடுத்தது. அந்தக் கத்தையில் ஒன்றில் வந்தவர்தான் ஜேலன் வில்லியம்ஸ். 2025 ஜூனில் ஏழாவது ஆட்டத்தில் இந்தியானாவை வென்று ஓக்லஹோமா கோப்பையைத் தூக்கியபோது கில்ஜியஸ்-அலெக்சாண்டருக்கு 29 புள்ளி, 12 அசிஸ்ட். அதே அணி 2024இல் ஹார்ட்டன்ஸ்டைனை மூன்று வருடத்துக்கு 8.7 கோடி டாலருக்கு வெளியிலிருந்து எடுத்தது. வில்லியம்ஸும் ஹோம்கிரெனும் ரூக்கி ஒப்பந்தத்தில் (நான் சொன்ன அந்த நான்கு வருடக் குறைந்த சம்பளம்) இருந்ததால் அந்தச் செலவைத் தாங்க முடிந்தது. இருவரின் பெரிய ஒப்பந்தங்களும் தொடங்குவது 2026-27இல்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை போடும்போது, பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் கட்டி, அணியில் யாருக்கு எவ்வளவு சம்பளம், எந்த வருடம் வரை என்று அச்சிடுங்கள். வீட்டில் என் கையெழுத்துக் கணக்கை யாரும் நம்புவதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்